ஆடலும் பதிவும்: பழைய வீடியோ விளையாட்டுகள் குறித்து ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டு என்றதும் வீண்பொழுது என முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். எனினும், முப்பது நாற்பது ஆண்டுகட்கு முற்பட்ட ஆட்டங்களைத் தேடிப்பிடித்து ஆடி மகிழ்வோரும், தாம் ஆடுவதைக் காணொளியாகப் பதிவு செய்ய விழைவோரும் இன்று பலராவர். 'இவ்வாறு பதிவு செய்வதால் யாது பயன்?' என்று நம் மாணவருள் சிலர் நம்மை வினவியதுண்டு. அவ்வினாவிற்கு விடைகாண ஓர் ஆட்டத்தின் வரலாற்றை நோக்குவோம்.

ஆட்டத்தின் தோற்றம்

1984-ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் என்பார் 'டெட்ரிஸ்' என்னும் ஆட்டத்தைப் படைத்தார். அவர் கையாண்ட எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினிக்குப் படம் வரையும் ஆற்றல் இல்லை. ஆதலின், அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டங்களை அமைத்தார். நான்கு சதுரங்களால் ஆகிய 7 வடிவங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி அடுக்கி ஒரு வரிசையை நிரப்பினால் அவ்வரிசை மறையும். இவ்வளவே ஆட்டம். விதியோ சிறிது; விளையும் நுட்பமோ பெரிது.

எட்டாத நிலை எட்டிய கதை

நிண்டெண்டோ நிறுவனம் தன் வீட்டு விளையாட்டுக் கருவிக்கென இவ்வாட்டத்தை 1989-இல் வெளியிட்டது. அதில் 29-ஆம் நிலையை அடைந்ததும் வடிவங்கள் மிகு விரைவில் விழும். பொத்தானை அழுத்திப் பிடித்தால், வடிவம் ஓரத்தைச் சென்றடையும் முன்னரே தரையைத் தொட்டுவிடும். எனவே ஆட்டத்தின் எல்லை அதுவே எனப் பல்லாண்டு கருதினர். பின்னர், பொத்தானை அழுத்திப் பிடியாமல் விரைந்து விரைந்து தட்டும் முறையால் 2011-இல் 30-ஆம் நிலை எட்டப்பட்டது. அதன்பின், ஒரு கையின் பெருவிரலைப் பொத்தான் மீது வைத்து, மறு கையின் விரல்களால் கருவியின் பின்புறத்தை மத்தளம் போல் தட்டும் முறை தோன்றியது. முடிவாக, 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர் ஒருவர் 157-ஆம் நிலை வரை சென்று, ஆட்டமே உறைந்து நிற்குமாறு செய்தார்.

இங்குச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. 1989-க்குப்பின் அவ்வாட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஆடுவோர் கைத்திறனே. அத்திறன் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவ வழிசெய்தவை பதிவு செய்யப்பட்ட காணொளிகளே. 1989-இல் பிறந்திராத சிறுவர், தமக்கு முன் ஆடியோரின் விரல்களைத் திரையிற்கண்டு பயின்றனர்.

மூலமும் உரையும்

தமிழ் பயில்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஏடு கிடைத்தால் மட்டும் நூல் கிடைத்ததாகாது. அதனைப் பயிலும் முறையை உரையாசிரியர் காட்டிச் செல்லுதல் வேண்டும். ஆட்டத்தின் நிரல் மூலம் எனின், ஆடிக்காட்டும் பதிவு அதன் உரை எனலாம். மூலத்திற்கே இடர் நேர்ந்துள்ள காலத்தில் உரையின் மதிப்பு மேலும் உயர்கிறது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என 2023-இல் ஓர் ஆய்வு அறிவித்தது.

பதிவு செய்வோர் கருதத்தக்கன

முதலாவது, கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். நிண்டெண்டோவின் அப்பழைய கருவி ஒரே கிடைக்கோட்டில் 8 சிறு உருவங்களுக்கு மேல் காட்டவியலாது. மிகுந்தவற்றைப் பல ஆட்டங்கள் மாற்றி மாற்றி மின்னச்செய்யும். நொடிக்கு 60 படங்கள் ஓடும் அவ்வாட்டத்தை 30 படங்களாகப் பதிந்தால், மின்னும் உருவம் முற்றிலும் மறைந்துபோதல் கூடும்.

இரண்டாவது, வாளா பதிந்து வெளியிடுதல் போதாது. ஆட்டத்தின் உரிமை அதனை ஆக்கியோர்க்கு உரியது. பதிவாளர் தம் சொந்தப் படைப்பாற்றலையும் விளக்கவுரையையும் சேர்த்தல் வேண்டும் என நிண்டெண்டோ நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறையும் கூறிற்று. ஏன் இவ்வழி திரும்பினோம், எங்கே பிழைத்தோம் என்பதைத் தெளிந்த தமிழில் சொன்னால் கேட்போர் பயனடைவர்.

மூன்றாவது, தோல்வியை வெட்டி எறிதல் தகாது. வெற்றியை மட்டும் காட்டும் பதிவு வியப்பைத் தரும், பயிற்சியைத் தாராது. பல பதிவுகளின் துண்டுகளை ஒட்டி ஒரே ஆட்டமெனக் காட்டுதலோ பொய்ச்சான்று போன்றதாகும்.

நிறைவாக

காண்போர் எண்ணிக்கையைக் கருதி ஆடத் தொடங்கினால், ஆட்டத்தின் இன்பம் அன்றே விடைபெறும். பாடமும் தொழுகையும் வீட்டுக்கடனும் அதற்கு இரையாதல் கூடாது. முதலில் மகிழ்ந்து ஆடுக; மகிழ்ந்ததனை நேர்மையுடன் பதிக. ஒருவரே கண்டாலும், அவர் அதனின்றும் ஒரு நுட்பம் கற்பாராயின் அப்பொழுது வீண்பொழுது ஆகாது என்பதே எம் துணிபு.