வீட்டை இப்போது விற்பதா, பொறுத்திருப்பதா?

“நாநா, வீட்டை இப்பவே வித்திடவா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவா?” மாவனெல்லை, ஹெம்மாதகம, கேகாலை, இரத்தினபுரி, பலாங்கொடைப் பகுதிகளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களின் தேவைகள் வேறு வேறு. ஒருவருக்கு மகளின் கல்யாணம். இன்னொருவருக்குக் கொழும்பில் கடை திறக்கும் எண்ணம். மற்றொருவருக்கு மழை பெய்தால் மலையடிவாரத்தில் தூக்கம் வருவதில்லை. ஆனால் எல்லோரும் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரே பதிலைத்தான்: விலை ஏறுமா, இறங்குமா?

அதை அல்லாஹ் ஒருவனே அறிவான். நாளைய விலையை ஊகிப்பதை விட்டுவிட்டு, இன்றே நாம் கணக்குப் பார்க்கக்கூடிய ஐந்து விடயங்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு விடை கிடைத்தால் விற்பதா பொறுப்பதா என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

1. கையில் இருப்பது என்ன?

சப்ரகமுவையில் ‘என் வீடு’ என்று சொல்பவர்கள் எல்லோராலும் அதை விற்க முடியாது. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் போனது. எனவே லயன் அறையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கும் அதை விற்கும் உரிமை கிடையாது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை போன்ற தோட்டப்புற நகரங்களில் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் பணம் கொடுத்தால், கையில் மிஞ்சுவது கடதாசி மட்டுமே. தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் 7 அல்லது 10 பேர்ச்சஸ் காணி பெற்றவர்களும் தமது பத்திரத்திலுள்ள நிபந்தனைகளை முதலில் வாசிக்க வேண்டும்.

ஸ்வர்ணபூமி, ஜயபூமி போன்ற அரச அளிப்புக் காணிகளைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. தனியார் உறுதிக் காணியாயின், ஒரு நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 வருட உரித்தைத் தேடிப் பாருங்கள். உறுதியில் சிக்கல் இருந்தால் அதைத் தீர்க்கும் வரை பொறுப்பதே இலாபம். சிக்கலான உறுதிக்குச் சந்தை விலை கிடைப்பதில்லை.

2. யார் யாருக்குப் பங்கு?

நம் வீடுகளில் பல இன்னும் மௌத்தான வாப்பாவின் பெயரிலேயே இருக்கின்றன. மரண சாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்து, 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் வாரிசுரிமைச் சட்டத்துக்கு அமையப் பிரிகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். வீட்டின் பெறுமதி 96 இலட்சம் ரூபா. வாரிசுகள் உம்மா, இரண்டு மகன்மார், மூன்று மகள்மார். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 12 இலட்சம். மீதி 84 இலட்சத்தில் ஒவ்வொரு மகனுக்கும் 24 இலட்சம், ஒவ்வொரு மகளுக்கும் 12 இலட்சம். இப்போது மூத்த மகன் அந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, “விலை ஏறட்டும், பொறுப்போம்” என்கிறார். அவர் வாடகையின்றி இருக்கிறார். கல்யாணமாகிக் கூலி வீட்டில் இருக்கும் தங்கை தன் 12 இலட்சத்துக்காகக் காத்திருக்கிறாள். இங்கே கேட்க வேண்டியது, பொறுத்திருப்பது யாருடைய செலவில் என்பதுதான். பொறுக்கத்தான் வேண்டுமென்றால், மற்றவர்களின் பங்குக்கு நியாயமான வாடகை கொடுக்கட்டும். அல்லது அவர்களது பங்கை இன்றைய மதிப்பீட்டில் வாங்கிக்கொள்ளட்டும்.

பங்காளி தன் பங்கை விற்பதானால், வெளியாருக்குப் போகுமுன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ‘ஷுஃப்ஆ’ என்ற சட்டம் இதிலிருந்தே வருகிறது. உம்மா அந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தால், அவர் எங்கே போவார் என்பது முடிவாகாமல் விலை பேசவே கூடாது.

3. மலையும் ஆறும்

எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் காத்திருப்பது சில வேளை உயிரோடு விளையாடுவது. 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தை உலுக்கின. 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் புதையுண்டன. 2017 மே மாதம் களு கங்கை பெருக்கெடுத்து மீண்டும் இரத்தினபுரி நகரை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கேகாலை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளைக் கண்டது.

எனவே மலைச்சரிவில் வீடு உள்ளவர்கள் தரகரிடம் போகுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். மண்சரிவு அபாய வரைபடங்கள் அங்கே உண்டு. உங்கள் இடம் உயர் அபாய வலயத்தில் இருந்தால், “அரசாங்கம் நட்டஈடு தரும்” என்று காத்திருக்க வேண்டாம். அரநாயக்க அனர்த்தத்தின் பின் வீடிழந்த குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட உதவி, காணிக்கும் வீட்டுக்கும் சேர்த்து 16 இலட்சம் ரூபா அளவிலானது. ஒரு குடும்பம் வாழ்நாள் முழுதும் சேர்த்த தோட்டத்தையும் வீட்டையும் அது ஈடுசெய்யாது.

அதேவேளை, அபாயத்தை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதும் நமக்கு ஆகுமானதல்ல. விற்கும் பொருளிலுள்ள குறையைச் சொல்லாமல் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அபாய இடமாயின் குடியிருப்புக்காக விற்காதீர்கள். முதலில் குடும்பத்தை அங்கிருந்து நகர்த்துங்கள். பின்னர் அந்தக் காணியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அதே நிறுவனத்திடம் ஆலோசனை கேட்டு, வாங்குபவருக்கு அறிக்கையைக் காட்டியே பேசுங்கள்.

4. விற்ற பணம் எங்கே போகிறது?

நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். ஒரு வீட்டை விற்று அதே பகுதியில் இன்னொரு வீட்டை வாங்குபவருக்கு விலை ஏற்ற இறக்கம் பெரிய விடயமல்ல. விற்கும் வீட்டுக்கு விலை குறைந்தால், பெரும்பாலும் வாங்கும் வீட்டுக்கும் குறைந்திருக்கும். ஆபத்து விற்றுவிட்டுப் பணமாக வைத்திருப்பவருக்கே.

2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடத்துக்குள் சீமெந்து மூடையின் விலை இரு மடங்கைத் தாண்டியது. அந்த வருட ஆரம்பத்தில் வீட்டை விற்று, “ஆறுதலாகக் கட்டுவோம்” என்று பணத்தை வைத்திருந்தவர், வருட இறுதியில் அந்தப் பணத்தில் பாதி வீடுகூடக் கட்டத் திணறினார். விற்ற கையோடு வேறு வீடு வாங்கியவருக்கு அந்த நட்டம் இல்லை. வீடு விற்றவர் அந்தப் பணத்தை அதுபோன்ற ஒன்றில் இடாவிட்டால் அதில் பரக்கத் இருக்காது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. அதன் பொருளாதார அர்த்தத்தை 2022 நமக்குக் கண்முன் காட்டியது.

5. காத்திருப்பதற்கும் விலை உண்டு

பலர் அதிவேகப் பாதையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். ருவன்புர பாதை இரத்தினபுரிக்கு வரும், மத்திய அதிவேகப் பாதை றம்புக்கனையைத் தொடும் என்பவை பல வருடப் பேச்சு. 2022 நெருக்கடியில் பாரிய வீதித் திட்டங்கள் நின்றுபோனபோது, அந்த நம்பிக்கையில் காணியைப் பிடித்துவைத்தவர்களும் நின்றுபோனார்கள். ஒரு திட்டத்துக்காகப் பொறுப்பதானால் அதற்கு ஒரு தவணை வையுங்கள்.

வாங்குபவரின் நிலையையும் பாருங்கள். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடனை நம்பி வீடு வாங்க இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 2023 ஜூன் முதல் வட்டி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நாம் வட்டியைத் தவிர்ந்துகொண்டாலும், நம் வீட்டை வாங்க வருபவர்களின் எண்ணிக்கையை அது கூட்டும், குறைக்கும்.

வரியும் உண்டு. 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து மூன்று வருடம் சொந்தமாயிருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் நீங்களே குடியிருந்த பிரதான வீட்டை விற்றால் விலக்கு உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டுக் கொழும்பில் போய் இருந்துகொண்டு வருடக்கணக்காகப் பொறுப்பவர் இந்தச் சலுகையை இழக்கக்கூடும். முடிவெடுக்குமுன் ஒரு கணக்காளரிடம் கேளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: உயிராபத்து உள்ள இடத்தை விட்டு விலகுவதற்கு விலையைப் பார்க்காதீர்கள். சகோதரிகளின் பங்கு தங்கியிருந்தால் தாமதிக்காதீர்கள். போகும் இடம் முடிவாகிவிட்டால் விற்கலாம். உறுதி தெளிவில்லை என்றாலோ, விற்ற பணத்துக்கு வேலை இல்லை என்றாலோ பொறுங்கள். “நேற்று ஒருவர் இதைவிடக் கூடக் கேட்டார்” என்று பொய்யாக விலை ஏற்றும் தரகரை இரண்டு நிலையிலும் தவிருங்கள். அது மார்க்கம் தடுத்த ‘நஜ்ஷ்’.

இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு கடதாசியில் எழுதி, குடும்பத்தார் எல்லோரையும், குறிப்பாக வீட்டுப் பெண்களையும், வைத்து மஷூரா செய்யுங்கள். பிறகு இஸ்திகாராத் தொழுது முடிவெடுங்கள். இன்ஷா அல்லாஹ், விற்றாலும் பொறுத்தாலும் பின்னால் யாரும் யாரையும் குறை சொல்லும் நிலை வராது.