விற்காத துப்பாக்கிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பின் 2017-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. அந்நாட்டு மக்கள்தொகையைவிட அது அதிகம். அப்படிப்பட்ட சந்தையிலும் சில மாடல்கள் சீந்துவாரின்றிப் போயிருக்கின்றன. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல, விசாரித்துப் பார்த்தால் நிற்பதில்லை.

நம்பிக்கை: புதுத் தொழில்நுட்பம் என்றால் தானாக விற்கும்.

உண்மை: ரெமிங்டன் நிறுவனம் 2000-இல் எட்ரானெக்ஸ் என்ற ரைஃபிளைக் கொண்டுவந்தது. சாதாரண ரைஃபிளில் விசையை அழுத்தியதும் ஓர் ஊசி முன்னே பாய்ந்து, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரைக் குத்தும். அந்தக் கண நேரத்தில் கை அசைந்தாலும் குறி தப்பலாம். எட்ரானெக்ஸில் பாயும் ஊசியே கிடையாது. பின்கட்டையில் இருந்த 9 வோல்ட் பேட்டரியின் மின்சாரமே தோட்டாவைப் பற்றவைத்தது. தாமதம் கிட்டத்தட்ட மறைந்தது. ஆனால் அதற்கென்றே செய்த மின் ப்ரைமர் வைத்த தோட்டாவைத்தான் போட வேண்டும். ஊரெல்லாம் கிடைக்கும் தோட்டா அதில் வெடிக்காது. எந்த பங்க்கிலும் கிடைக்காத எரிபொருளில் ஓடும் வண்டியை யார் வாங்குவார்? விலையும் சாதாரண மாடலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 2003-இல் ரெமிங்டன் அதற்கு மூடுவிழா நடத்தியது.

நம்பிக்கை: பெரிய கம்பெனியும் பெரிய வடிவமைப்பாளரும் சேர்ந்தால் தோற்காது.

உண்மை: ஏஆர்-15 ரைஃபிளை வடிவமைத்த யூஜின் ஸ்டோனர், ரீட் நைட்டுடன் சேர்ந்து உருவாக்கிய கைத்துப்பாக்கிதான் கோல்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் விற்ற ஆல் அமெரிக்கன் 2000. அதன் விசை நீளமாகவும் கனமாகவும் இருந்தது. அழுத்தி முடிப்பதற்குள் குறி விலகிவிடும். இலக்கில் சரியாகப் படவில்லை என்ற புகார் ஒருபுறம். கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற அச்சத்தில் 1993-இல் திரும்பப் பெற வேண்டிவந்தது மறுபுறம். 1994-இல் தயாரிப்பு நின்றது. பெயரைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்களை விசையே திருப்பி அனுப்பியது.

நம்பிக்கை: டிவியில் நாயகன் கையில் வந்துவிட்டால் விற்பனை பிய்த்துக்கொண்டு போகும்.

உண்மை: 1984-இல் தொடங்கிய ‘மியாமி வைஸ்’ தொடரின் நாயகன் கையில் இருந்தது பிரென் டென் கைத்துப்பாக்கி. அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? கலிஃபோர்னியாவின் டோர்னாஸ் அண்ட் டிக்சன் என்ற சிறு நிறுவனம் அதைத் தயாரித்தது. வாங்க ஆள் இருந்தது. தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின்தான் வரவில்லை! பணம் கட்டிய பலருக்கு மேகசின் இல்லாமலே துப்பாக்கி போய்ச் சேர்ந்தது. சுமார் 1,500 துப்பாக்கிகள் தயாரித்ததோடு, 1986-இல் நிறுவனம் திவாலானது.

நம்பிக்கை: சட்டம் தடுப்பதால்தான் சில மாடல்கள் விற்பதில்லை.

உண்மை: தூக்கிவிட வந்த சட்டமே காலை வாரியதும் உண்டு. ஜெர்மனியின் ஆர்மாடிக்ஸ் நிறுவனத்தின் ஐபி1 கைத்துப்பாக்கி, அதற்கான கைக்கடிகாரம் அருகில் இருந்தால்தான் சுடும். குழந்தை கையில் சிக்கினாலும் ஆபத்தில்லை என்பது கணக்கு. ஆனால் நியூ ஜெர்சி மாநிலம் 2002-இலேயே ஒரு சட்டம் போட்டிருந்தது. இத்தகைய துப்பாக்கி நாட்டில் எங்கேனும் விற்பனைக்கு வந்துவிட்டால், மூன்றாண்டுகளுக்குப் பிறகு அந்த மாநிலக் கடைகள் வேறு கைத்துப்பாக்கியை விற்கக் கூடாது. துப்பாக்கி ஆர்வலர்கள் கொதித்தெழுந்தார்கள். 2014-இல் இதை விற்பதாக அறிவித்த மேரிலாந்து கடைக்காரருக்குக் கொலை மிரட்டல் வந்தது, அவர் பின்வாங்கினார். கடிகாரத்தோடு சேர்த்து விலை சுமார் 1,800 டாலர். போதாக்குறைக்கு, சில டாலர் காந்தங்களை வைத்தே பூட்டை ஏமாற்றலாம் என்று 2017-இல் ஒருவர் செய்து காட்டினார். சட்டம் 2019-இல் தளர்த்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

நம்பிக்கை: விற்காமல் போனது என்றால் யோசனையே மட்டம்.

உண்மை: பிரென் டென்னோடு பிறந்தது 10 மி.மீ. ஆட்டோ தோட்டா. துப்பாக்கி மறைந்த மறு ஆண்டே, 1987-இல், கோல்ட் அதே தோட்டாவுக்கு டெல்டா எலீட்டைக் கொண்டுவந்தது. எஃப்பிஐயும் அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்தது. அதன் உதை அதிகம் என்றதும், நீளம் குறைத்து 1990-இல் வந்த .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா அமெரிக்கப் போலீஸாரிடம் பல்லாண்டு கோலோச்சியது. மூலத் தோட்டாவும் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

ஆகவே ஒரு மாடல் ஏன் தோற்றது என்று ஆராய்பவர்கள், அதற்கான தோட்டா எந்தக் கடையில் கிடைத்தது, மேகசின் எத்தனை வந்தது என்று முதலில் விசாரிப்பது நல்லது. எட்ரானெக்ஸும் பிரென் டென்னும் அங்கேதான் கவிழ்ந்தன.