கம்ப்யூட்டர் பிளான் போட்டால் சிவில்காரனுக்கு வேலை உண்டா?



"கம்ப்யூட்டரே பிளான் போடுதாமே, நீ எதுக்குப்பா சிவில் படிக்கிற?" என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அம்மா சித்தாள் வேலை பார்த்துப் படிக்க வைக்கிறார். இந்தக் கேள்வியை லேசாக விட முடியுமா?

1982-ல் ஆட்டோகேட் வந்தது. டிராயிங் போர்டு மெல்ல மூலைக்குப் போனது. இன்று செயற்கை நுண்ணறிவு வரைபடத்தைப் பார்த்து அளவெடுக்கிறது, போட்டோவில் விரிசலைக் கண்டுபிடிக்கிறது. டிராஃப்டிங்கை மட்டும் நம்பியிருப்பவர் பாடு கஷ்டம்தான்.

ஆனால் சைட்டுக்கு வாருங்கள். எம்25 கான்கிரீட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். கலவை கெட்டியா இருக்குன்னு யாராவது 5 லிட்டர் கூட ஊற்றினால் விகிதம் 0.6, பலம் குறைந்துவிடும். மழையில் நனைந்த மணலின் ஈரத்தைக் கழிக்காமல் விட்டாலும் இதே கதிதான். இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு யார் போய்ச் சொல்வது?

150 மி.மீ. கியூபை 28 நாள் தண்ணீரில் வைத்து உடைக்கிறோம். சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் என்றால், சுமார் 562 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்று தெரியும்போது மேல்மாடியே எழும்பியிருக்கும்! அதனால் கலவை போடும்போதே ஸ்லம்ப் கோன் வைத்துப் பார்க்க வேண்டும். "தண்ணி வேணாம் மேஸ்திரிண்ணே, பிளாஸ்டிசைசர் சேர்ப்போம்" என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும்.

புது சாஃப்ட்வேரையும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு, லேபில் ஒருத்தர் கோனைத் தூக்க மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை இந்த செமஸ்டரோடு விட்டுவிடுவோம்.