விநாசமும் அச்லேஷமும்

தீர்த்தமாடிக் கரையேறுபவர், "பாபமெல்லாம் நசித்தது" என்று சொல்லிக்கொள்வது உலக வழக்கு. நசித்தல் என்னும் இவ்வினைச்சொல்லின் பொருளை ஆராயின், பாபம் ஒழிதலாவது யாது என்பதும் விளங்கும்.

இதன் தாது 'நச்' என்பது. பாணினீய தாதுபாடம் இதற்கு 'அதர்சநம்', அதாவது காணப்படாமை என்றே பொருள் கூறுகின்றது. உடைத்தல், நொறுக்குதல் என்று கூறவில்லை. எழுத்து மறைவதாகிய 'லோபம்' என்பதற்கும் பாணினி முனிவர் இச்சொல்லையே இலக்கணமாக வைத்தார். ஆகவே, இருந்ததொன்று இனித் தோன்றாமற் போவதே நாசம். 'நச்யதி' என்றால் தானே மறைகிறது. 'நாசயதி' என்றால் ஒருவர் மறையச் செய்கிறார். அவ்வொருவர் யார்?

ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயம் முதற்பாதத்தில், ப்ரஹ்மவித்யை கைவந்தவனுக்கு முன்செய்த பாபத்தின் விநாசமும், பின்வரும் பாபத்தின் அச்லேஷமும் சொல்லப்படுகின்றன. ச்லேஷமாவது தழுவுதல், அச்லேஷம் தழுவாமை. சாந்தோக்ய உபநிஷத்து முன்னதற்கு நெருப்பிலிட்ட நாணற்பஞ்சையும், பின்னதற்குத் தாமரையிலைத் தண்ணீரையும் உவமை காட்டிற்று. ஆண்டாளும் திருப்பாவை ஐந்தாம் பாசுரத்தில் இவ்விருவகைப் பிழைகளையும் சேர்த்தே எடுத்தாள்கிறாள்.

செய்த செயல் செய்ததே அன்றோ? அநுபவித்தாலன்றி வினை தீராது என்னும் சாஸ்த்ரமும் உண்டே? ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் அருளிச்செய்த ஸமாதானம் மிக நுட்பமானது. பாபத்துக்குப் பலன் தரும் சக்தி உண்டென்பது மெய்யே. அச்சக்தியாவது பரமபுருஷனுடைய அப்ரீதியே. அது எழுந்தபின் அழிவது விநாசம். எழவொட்டாமல் தடைபடுவது அச்லேஷம். வித்யையினால் உகந்த திருவுள்ளத்தில் சீற்றம் ஆறியபின், பலன் தருவதற்குப் பாபத்தில் என்ன எஞ்சியிருக்கும்? மறையச் செய்பவன் அவனே.

இனிச் செய்வதும் ஒட்டாதென்றால் துணிந்து செய்யலாமோ என்பாரும் உளர். அறியாமல் நேர்ந்தவற்றுக்கே அச்லேஷம் என்று பாஷ்யகாரர் அவ்வழியை அடைத்தருளினார். (புண்யமும் இவ்வாறே ஒட்டாது என்பது அடுத்த ஸூத்ரம், பலர் இதைக் கவனிப்பதில்லை.)

பலன் தரத் தொடங்கிவிட்ட ப்ராரப்தத்தின்மேல் மட்டும் இவ்விரு சொற்களும் செல்லா. பக்தியோகத்தில் நிற்பவன் அதனை அநுபவித்தே கழிக்க வேண்டும். அதற்கு மறுபிறவியும் வேண்டியிருக்கலாம். ப்ரபந்நனுக்கோ இவ்வுடலின் முடிவோடே அது முடிகின்றது.