கொழுந்துக் கணக்கில் இரட்டை வரிகள்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வயது ஏறத்தாழ நூறு. அவற்றுள் பெயர்பெற்ற போ தோட்டத்தை ஜே. ஏ. ரசல் 1929-ஆம் ஆண்டில் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தனர். இன்று அவ்வேலையில் பெரும்பகுதியை இயந்திரங்கள் செய்கின்றன. ஆயினும், பறித்த கொழுந்தை நிறுத்து ஏட்டில் பதிவது தேயிலைத் தொழிலின் பழைய வழக்கம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே, எடைக்கணக்கு ஆலைக்குத் தேவை. பறித்த எடைக்கு ஏற்பக் கூலி பெறுபவருக்கோ அதுவே வீட்டுச் செலவுக்கான பணம்.

அத்தகைய கணக்கு ஒன்று, கணினியில் ‘நிறுவை’ என்னும் உரைக்கோப்பாக இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் ஒரு வரி பதியப்படுகிறது. அதில் பெயரும் கிலோவும் மட்டுமே உள்ளன.

மாரியம்மா 12
செல்வி 15
மாரியம்மா 12
லட்சுமி 14
செல்வி 15

திரும்ப வரும் வரிகளை நீக்க, கட்டளை வரியில் ‘யூனிக்’ என்னும் கட்டளை உள்ளது. (யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இரண்டும் பிறந்த இடம் என்னவோ ஒன்றுதான்: அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம்.) இக்கோப்பில் யூனிக்கை இயக்கிப் பார்த்தால் ஐந்து வரிகளும் அப்படியே இருக்கும். காரணம், யூனிக் ஒரு வரியை அதற்கு முந்திய வரியோடு மட்டுமே ஒப்பிடும். எனவே, முதலில் ‘சார்ட்’ கட்டளையால் வரிகளை அகர வரிசைப்படுத்த வேண்டும். அப்போது ஒத்த வரிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

சார்ட் நிறுவை | யூனிக்

விசைப்பலகையில் இக்கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுவோம். நடுவிலுள்ள நேர்கோட்டுக்குக் ‘குழாய்’ என்று பெயர். ஒரு கட்டளையின் வெளியீட்டை அது அடுத்த கட்டளைக்குக் கொண்டு செல்கிறது. டக் மெக்கில்ராய் வலியுறுத்தி வந்த இவ்வசதி 1973-இல் யூனிக்ஸில் சேர்ந்தது.

இப்போது மூன்று வரிகளே எஞ்சும். கோப்பு தூய்மையாகிவிட்டதா? கூட்டிப் பாருங்கள். முன்பு 68 கிலோ. இப்போது 41 கிலோ. மாரியம்மா காலையில் 12 கிலோவும் பிற்பகலில் 12 கிலோவும் பறித்திருக்கலாம். தோட்டத்தில் மாரியம்மா என்ற பெயரில் இருவர் இருக்கலாம். அல்லது கிராணியார் ஒரே நிறுவையைத் தவறுதலாக இருமுறை பதிந்திருக்கலாம். இவற்றுள் எது உண்மை என்பது கோப்பில் இல்லை. கணினி எழுத்துகளை ஒப்பிடுகிறதே தவிர, மனிதர்களை ஒப்பிடுவதில்லை. இந்த நிலையில் வரியை நீக்குவது ஒருவரின் அரைநாள் உழைப்பை நீக்குவதாகவும் முடியலாம்.

சொற்பட்டியல் தொகுக்கும்போது இந்தக் கவலை இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக இலவசமாக வழங்கி வருகிறது. அத்தகைய மின்னுரை ஒன்றை எடுத்து, வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்து, சார்ட், யூனிக் வழியாகச் செலுத்தினால் அந்நூலின் சொற்பட்டியல் கிடைத்துவிடும். ஒரு சொல் நூறு முறை வந்திருந்தாலும் பட்டியலுக்கு ஒன்று போதும்.

ஆனால், இங்கே வேறொரு சிக்கல் உண்டு. பட்டியலில் ‘கொழுந்து’ என்னும் சொல் சில வேளைகளில் இரண்டு முறை நிற்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடில் ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியிட்டும் எழுதலாம். ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இட்டும் எழுதலாம். யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட்டுகள், இரண்டாவது 9 பைட்டுகள். பைட்டுகளை ஒப்பிடும் கட்டளைக்கு அவை வெவ்வேறு சொற்கள். வரியின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் இதே விளைவுதான். எனவே, வரிசைப்படுத்துவதற்கு முன் எழுத்துகளை ஒரே வடிவத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதனை இயல்பாக்கம் என்பர்.

எடைக்கணக்குக்கு மீள்வோம். யூனிக் கட்டளையோடு ‘-சி’ என்னும் தெரிவைச் சேர்த்தால், ஒவ்வொரு வரியும் எத்தனை முறை வந்தது என்னும் எண்ணிக்கையும் உடன் வரும்.

2 செல்வி 15
2 மாரியம்மா 12
1 லட்சுமி 14

எதையும் நீக்குவதற்கு முன் இவ்வெண்ணிக்கையைப் பார்ப்பதே முறை. 2 என்று வந்த பெயர்களை எடுத்துக்கொண்டு, கிராணியாரிடமோ நிறுத்தவரிடமோ கேட்டுத் தெளியலாம். இன்னும் சிறந்த வழி, கோப்பை அமைக்கும்போதே தொழிலாளர் எண்ணையும் நிறுத்த நேரத்தையும் வரியில் சேர்ப்பதாகும். ஒரே தொழிலாளர் எண்ணுக்குக் காலை 9.40, பிற்பகல் 2.15 எனப் பதிந்த இரண்டு 12 கிலோக்களையும் யூனிக் தொடாது.