மைக்குக்கு முன்னால் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு

2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி தொடங்கிய பிறகு, கல்லூரிப் பிள்ளைகள் பலர் படிக்கும்போதே மைக்கைத் தொட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் கிடந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இருக்கட்டும். முகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பேசுங்கள். 'பருப்பு', 'பாப்பா' என்னும்போது உதட்டிலிருந்து வெடிக்கிற காற்று நேரே போனால் கேட்பவர் காதில் 'டப்'பென்று இடிக்கும். லெவல் பார்க்கக் குரல் கொடுக்கச் சொன்னால் 'ஹலோ, ஹலோ' வேண்டாம். வாசிக்கப்போகும் முதல் இரண்டு வரியை, வாசிக்கப்போகும் குரலிலேயே வாசியுங்கள்.

2. தாளைப் பின்குத்தி எடுத்துப் போகாதீர்கள். புரட்டுகிற சத்தம் மைக்கில் மழை மாதிரி விழும். தனித்தாளாக வைத்து, முடிந்ததை ஓசையில்லாமல் பக்கத்தில் நகர்த்துங்கள்.

3. பாட்டைச் சரணத்தின் நடுவில் ஃபேட் அவுட் செய்வது பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுப்பது போல. பல்லவி திரும்பி வரும்வரை பொறுத்து, ஃபேடரை மெல்ல இறக்குங்கள். ஒன்று இறங்கும்போதே அடுத்ததை ஏற்றும் கிராஸ் ஃபேட் அழகுதான். ஆனால் இரண்டு பாட்டின் சுருதியும் முட்டிக்கொண்டால் அதை விட்டுவிட்டு, நடுவே நாலு வார்த்தை பேசுங்கள்.

4. ஒலிபரப்பில் திடீரென்று ஒன்றுமே கேட்காமல் போவதுதான் டெட் ஏர். நாலைந்து நொடி போதும், கேட்பவர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார். ஃபில்லர் இசை எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

5. பத்திரிகை படிப்பவர் புரியாவிட்டால் மேலே போய் மறுபடி படிப்பார். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது. திருச்சி வானொலி சொன்னதைக் கேட்டு ஜனங்கள் அதை நட்டார்கள். நம் வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் வயலில் இறங்குகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அளவு, தேதி, இடம் மூன்றையும் இரண்டு தடவை சொல்லுங்கள். வாக்கியத்தை எட்டுப் பத்துச் சொல்லுக்குள் முடியுங்கள்.

6. எடிட்டிங்கில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். அன்றைக்கு ஸ்பூல் டேப். ஒரு நொடிப் பேச்சு ஏழரை அங்குல நாடா. பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவோம். நடவுப்பாட்டுப் பாடும் ஓர் அம்மாவிடம் பேசிப் பதிவு செய்திருந்தேன். இறந்துபோன மகளைப் பற்றிச் சொல்லும்போது அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்கினார். நேரம் மிச்சமாகட்டும் என்று அத்தனை மூச்சையும் வெட்டினேன். என் காலடியில் துண்டு துண்டாக நாடா கிடந்தது. ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "ஏன் தம்பி, நான் பாடம் ஒப்பிச்ச மாதிரில்ல இருக்கு?" என்றார். இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது நீங்கள் கணினித் திரையில் வெட்டுகிறீர்கள். காலடியில் எதுவும் கிடக்காது. அதனால்தான் இன்னும் நிதானம் வேண்டும். இருமலை எடுங்கள், தடுமாறித் திருப்பிச் சொன்னதை எடுங்கள். துக்கத்தில் நிற்கிற மூச்சில் கை வைக்காதீர்கள்.

7. வெளியூர்ப் பதிவுக்குப் போனால், பேட்டி முடிந்ததும் ரெக்கார்டரை நிறுத்திவிடாதீர்கள். எல்லோரையும் அரை நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். மின்விசிறி, தூரத்துப் பம்ப்செட், வேப்பமரத்துக் காக்கை. வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட அந்த அரை நிமிஷம்தான் உதவும்.