நாய்க்கடி ஊசியும் நரம்புறை நோயும்

சித்தூர், தேவிகுளம் வட்டாரங்களில் பணிபுரிவோர், முதியோர் சிலர் "வயிற்றில் பதினான்கு ஊசி" என்று அச்சத்துடன் கூறக் கேட்டிருக்கலாம். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அதன் காரணத்தை ஆராயப் புகுந்ததிலிருந்தே, மல்ட்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் நோயை விலங்குகளில் ஆராயும் முறை பிறந்தது.

இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையைத் தாக்குகின்றன. உறை அழிந்த நரம்பில் செய்தி தடைப்படுகிறது. பார்வை மங்குதல், கால் தளர்ச்சி, மரத்துப்போதல் முதலியன தோன்றும்; பலருக்கு அவை தணிந்து மீண்டும் தோன்றும்.

வெறிநாய்க்கடிக்கு டேவிட் செம்பிள் என்பார் கசௌலியில் 1911ஆம் ஆண்டில் ஒரு தடுப்பு மருந்தை வகுத்தார். நோய்க் கிருமி பெருகிய விலங்கு மூளையைக் கரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்வது அதன் முறை. இந்தியாவில் இதற்குச் செம்மறியாட்டு மூளை பயன்பட்டது. 1907இல் நிறுவப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் இத்தகைய மருந்தைத் தயாரித்து வந்தது. அது காத்த உயிர்கள் மிகப்பல. ஆயினும், ஊசி தொடங்கிய ஓரிரு வாரங்களில் ஒரு சிலருக்குக் கைகால் முடங்கியது.

காரணம் கிருமியா, மூளைத் திசுவா? நியூயார்க்கில் ராக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் ரிவர்ஸ் கிருமியே கலவாத முயல் மூளையைக் குரங்குகளுக்கு மீண்டும் மீண்டும் ஊசியால் செலுத்தினார். 1933, 1935ஆம் ஆண்டுகளில் அவர் குழு வெளியிட்ட முடிவுகளின்படி, குரங்குகள் முடங்கின. அவற்றின் நரம்புறையும் சிதைந்திருந்தது. ஐயத்திற்குரிய இரண்டில் ஒன்றை நீக்கி மற்றதை மட்டும் சோதித்த இம்முறையை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டலாம். தாய்லாந்தில் இவ்வூசியால் முடங்கிய நோயாளிகளின் உடலில் மயலின் புரதத்திற்கு எதிரான பொருள்கள் காணப்பட்டதாக 1987இல் வெளிவந்த ஆய்வு இதற்கு மேலும் வலுவூட்டிற்று.

இன்று இச்சோதனை பெரும்பாலும் சுண்டெலிகளில் நிகழ்கிறது. மயலின் புரதத்தின் ஒரு துண்டை ஊக்கிப் பொருளுடன் செலுத்தினால், ஏறத்தாழ இரு வாரங்களில் முதலில் வால் தளரும். பின்னர் பின்னங்கால்கள் முடங்கும். குப்ரிசோன் என்னும் பொருளைத் தீனியில் கலந்து ஊட்டுவது மற்றொரு முறை. சில வாரங்களில் உறை அழியும். நிறுத்தினால் மீண்டும் வளரும். உறையை வளர்க்கும் மருந்துகளைத் தேடுவோர்க்கு இது ஏற்றது.

இஸ்ரேலில் வைஸ்மான் நிலையத்தார் நோயை உண்டாக்கும் என்று எண்ணிச் செய்த செயற்கைப் பொருளொன்று, கினிப்பன்றிகளில் நோயைத் தடுத்தது. அதுவே கிளாட்டிராமர் என்னும் மருந்தாகி 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் எலி மனிதனன்று. அழற்சியூட்டும் டி.என்.எப். என்னும் பொருளைத் தடுத்தபோது விலங்குகள் நலமடைந்தன. அதே நோக்கில் லெனர்செப்ட் என்னும் மருந்தைப் பெற்ற நோயாளிகளுக்கோ நோய்த் தாக்குதல் மிகுந்ததென 1999இல் அறிவிக்கப்பட்டது.

மூளைத் திசு மருந்தை இந்தியா 2004ஆம் ஆண்டின் இறுதியில் கைவிட்டது. இன்றைய மருந்து உயிரணு வளர்ப்பில் தயாரிக்கப்படுவது. மூளைத் திசு அதில் இல்லை. பழைய அச்சத்தால் தயங்குவோரிடம் களப்பணியாளர் இதனை விளக்குதல் வேண்டும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. ஊசி இப்போது வயிற்றில் இடப்படுவதில்லை. பெரியோர்க்கு மேற்கையில் இடப்படுகிறது.